என் வீட்டுக்காரர் மேலே போன கதை

எனக்கு எதையும் ஒழுங்காகச் சொல்ல வராது. என் வீட்டுக்காரர் மேலே போனார் என்று ஆரம்பித்தால், நீங்கள் துக்கம் விசாரிக்கக் கிளம்பிவிடுவீர்கள். அவர் நன்றாகத்தான் இருக்கிறார். போனார், இறங்கினார், அவ்வளவுதான். ஆனால் ஏன் போனார் என்பதைச் சரியாகச் சொல்லாவிட்டால் பழி என் தலையில் விழும். ஆகவே மெதுவாகச் சொல்கிறேன்.

எங்கள் மகள் சுவர் ஏறுகிறவள். திருட்டுக்கு அல்ல, போட்டிக்கு. பெரிய கூடத்துக்குள் பாறை மாதிரி ஒரு சுவர் எழுப்பி, பிடித்து ஏறக் கற்கள் பதித்திருப்பார்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டி, வழியெல்லாம் அதைக் கொக்கிகளில் மாட்டிக்கொண்டே ஏறுவாள். மறுமுனையைத் தன் இடுப்பில் பூட்டிக்கொண்டு கீழே ஒருவர் நிற்பார். அவள் விழுந்தால் தாங்க வேண்டியது அவர் பொறுப்பு. அந்த ஒருவர் என் வீட்டுக்காரர். அதற்குப் பயிற்சி எடுத்தவர்; கழுத்தில் அட்டை வேறு தொங்கும்.

என் மகளுடைய தோளை நீங்கள் பார்க்க வேண்டும். சட்டை தைக்கிறவர் அளவு எழுதிய சீட்டைப் பார்த்து, "பையனுக்கா?" என்றார். "என் பொண்ணுக்கு!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

போன போட்டியில் கடைசிக் கல்லுக்குக் கொஞ்சம் கீழே கை நழுவிவிட்டது. வீட்டுக்கு வந்த இவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் தீர்ப்புச் சொன்னார். இவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். உலகத்தில் எல்லாத் தொல்லைக்கும் பாரம்தான் காரணம் என்பது இவர் கட்சி.

"ஆள் கூடினா லிஃப்டே திணறுது. இவ எப்படி ஏறுவா? நாலு கிலோ குறைச்சா பறந்துடுவா."

"வளர்ற பொண்ணுங்க. வயித்தைக் காயப்போட்டா..."

"உனக்கு இதெல்லாம் புரியாது. இது கணக்கு."

எனக்குக் கணக்கு வராது என்பது உண்மைதான். இவரே முட்டையில் மஞ்சளை எடுத்துவிட்டு வெள்ளையை மட்டும் அவள் தட்டில் வைத்தார். ரொட்டி போனது. பால் போனது. வெள்ளரிக்காய் வந்தது. வந்தது போகவே இல்லை.

அவர் சொன்னதைவிட, மகள் அதை நம்பியதுதான் எனக்குப் பயம். கண்ணாடி முன்னால் நின்று கையைக் கிள்ளிப் பார்த்து, "இதெல்லாம் எக்ஸ்ட்ராம்மா" என்றாள். அந்தச் சதை அவள் பாடுபட்டுச் சேர்த்தது! பிறகு தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. விரல் கீறல் ஆறவில்லை. மாதாமாதம் வர வேண்டியதும் வரவில்லை. அவளை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். "முதல்ல ஒழுங்காச் சாப்பாடு போடுங்க" என்றார். அங்கிருந்து பயிற்சி கொடுக்கும் அம்மாவிடம் ஓடினேன்.

"சாப்பிடாத பொண்ணு பேரை நான் போட்டிக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார் அந்த அம்மா.

மகள் அழுதாள். "குண்டாயிட்டா அப்பா என்ன சொல்வார்?"

அந்த அம்மா தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவள் முன் தள்ளினார். சட்டைக் கையைச் சுருட்டி, கையை மடக்கிப் புஜத்தைக் காட்டினார். "இது காத்தைக் குடிச்சு வந்ததுன்னா நினைக்கிறே?"

மகள் அதைத் தொட்டுப் பார்த்தாள். சிரித்தாள். சாப்பிட்டாள்.

இனி இவரைச் சமாளிக்க வேண்டும். வாதாடினால் இவர்தான் ஜெயிப்பார். அதனால் நான் முதலிலேயே தோற்றுவிட்டேன்.

"நீங்க சொன்னதுதாங்க சரி. ஆனா பிள்ளை தனியாப் பட்டினி கிடந்தா ஏங்கிடும். வீட்டுல அவ தட்டுல என்னவோ, அதுவே உங்க தட்டுலயும்."

"ப்பூ, இவ்வளவுதானா? என் மனசு இரும்பு."

இரும்பு வெள்ளரிக்காய் மென்றது. மகளும் எதிரில் உட்கார்ந்து பரிதாபமாக மென்றாள். பயிற்சிக்கூடத்து உடைமாற்றும் அறையில் ரொட்டி, மீன், பருப்பு, மஞ்சளோடு முட்டை என்று ஒரு பிடி பிடித்துவிட்டு வந்த வாய் அது. இவர் வேலைக்குப் போகிற இடத்தில் திருட்டுத்தனமாகத் தின்றிருக்கலாம். தின்ன மாட்டார். சொன்ன சொல் தவறாத மனிதர். அந்தப் பெருமை எனக்கு உண்டு. பெல்ட்டில்தான் புதுப்புது ஓட்டை விழுந்தது.

மகளுக்கு முடி உதிர்வது நின்றது. வர வேண்டியது வந்தது. தோள் திரும்பவும் தோளானது.

"பாத்தியா, உடம்பு குறைஞ்சதும் முகத்துல என்ன களை!" என்றார் இவர்.

"ஆமாங்க" என்றேன்.

போட்டிக்கு முந்தின வாரம், மாலைப் பயிற்சி. மகள் ஏறினாள். போன தடவை நழுவின இடத்தைத் தாண்டினாள். கடைசிக் கல்லைப் பிடித்தே விட்டாள்! பிடித்த சந்தோஷத்தில் கத்திக்கொண்டே இரண்டு கையையும் விட்டாள். கயிறு விறைத்தது. அவள் கீழே வந்தாள். இவர் ஜிவ்வென்று மேலே போனார். பாதிச் சுவரில் அப்பாவும் மகளும் மூக்குக்கு மூக்கு தொங்கினார்கள். இடுப்பிலிருந்த பூட்டு கயிற்றைக் கவ்விக்கொண்டதால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் உயிர் போய் வந்தது.

"அப்பா! நீங்க எங்க இந்தப் பக்கம்?"

இவர் காலை உதறிக்கொண்டே கணக்குப் போட்டார். "நீ... எடை குறையலையா?"

"கூடியிருக்குப்பா. அஞ்சு கிலோ."

இவர் தலையைக் குனிந்து என்னைத் தேடினார். "அடியே! வீட்டுல ஒரே சாப்பாடுன்னு சொன்னியே!"

"வீட்டுல ஒரே சாப்பாடுதாங்க."

"அப்ப வெளியில?"

"அதை நீங்க கேக்கவே இல்லையே."

பயிற்சியம்மா கீழேயிருந்து கூப்பிட்டார்: "சார், கடைசிக் கல்லைத் தொட்டுட்டா, கவனிச்சீங்களா? பாக்கலைன்னா இன்னும் கொஞ்சம் மேலே போய்ப் பாருங்க."

இறங்கியதும் இவர் மகள் தலையில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு மெதுவாக, "அந்த வெளிச் சாப்பாட்டுல ஏதாவது மிச்சம் இருக்கா?" என்றார்.

போட்டியில் மகள் இரண்டாவதாக வந்தாள். முதலாவதாக வந்தவளுக்கு இன்னும் பெரிய தோள்! இவர் இப்போது முழு முட்டை தின்கிறார். ஆனாலும் எடையில் மகளை இன்னும் எட்டிப்பிடிக்கவில்லை. கயிற்றை வேறு யாரிடமும் கொடுக்கவும் மாட்டேன் என்கிறார். எனக்கோ தூக்கம் வரவில்லை. அதனால் பயிற்சியம்மாவிடம் கேட்டு ஒரு பட்டை வாங்கினேன். ஒரு முனையை இவர் இடுப்பில் பின்னால் மாட்டினேன். மறுமுனையை என் இடுப்பில் கட்டிக்கொண்டு, காலை ஊன்றி நிற்கிறேன். என் எடையை யாரும் கேட்காதீர்கள். தேவைக்கு மேலேயே இருக்கிறது.

"என் மகளைத் தாங்கறது நான்தான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் மார்தட்டுகிறார். அப்போதெல்லாம் பட்டையை லேசாக ஒரு சுண்டு சுண்டுவேன். "நாங்க" என்று திருத்திக்கொள்வார்.