அடுப்பு அணைந்தால் எழுப்பும் கருவி

இந்தக் குளிர்காலத்தில் நான் பலமுறை விறைத்துச் செத்தேன். ஒவ்வொரு முறையும் என் மனைவி கனிஷாய் தேநீர் கொடுத்து என்னை மீட்டாள்.

பதற வேண்டாம். செத்தது கணினி விளையாட்டில். பனி மூடிய காட்டில் நீங்கள் ஒற்றை ஆளாக மாட்டிக்கொள்கிறீர்கள். விறகு வெட்ட வேண்டும். முயல் பிடிக்க வேண்டும். ஓநாயைக் கண்டால் ஓட வேண்டும். தீ மூட்டிச் சமைக்க வேண்டும். இதெல்லாம் நான் பிரமாதமாகச் செய்வேன். கடைசியில் தூங்கியாக வேண்டும். சனி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. தூங்கும்போது தீ அணைந்துவிடும். அணைந்தது தூங்குகிறவனுக்குத் தெரியாது. ஓநாயிடம் தப்பித்த வீரன் போர்வைக்குள் கட்டையாகக் கிடப்பான்.

"இன்னைக்கு எப்படிச் செத்தீங்க?" என்பாள் கனிஷாய்.

"தூக்கத்துல."

"நல்ல சாவுதான். டீ ஆறுது, எடுத்துக்குங்க."

நாரின் என்ற எங்கள் மலையூரில் உட்கார்ந்துகொண்டு காசு கொடுத்துப் பனிக்காட்டு விளையாட்டு ஆடுகிறவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். கதவைத் திறந்தால் அதே பனி. அதே குளிர். ஓநாய் மட்டும் கொஞ்சம் தள்ளி, மலைமேல். வாசல் பனியை அள்ளிப் போட்டால் அதுவும் விளையாட்டுதானே என்பது என் மனைவியின் நெடுநாள் கேள்வி. அதற்கு நான் இன்னும் பதில் தயார் செய்யவில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஜிர்கால். எங்கள் மொழியில் இன்பம் என்று பொருள். கல்யாணமான நாளிலிருந்து கனிஷாய் வாயில் அந்தச் சொல் வந்ததில்லை. எங்கள் பக்கத்தில் மனைவி புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள், அவ்வளவுதான். வேறு காரணம் தேட வேண்டாம். வேலை, ஊரின் அடுக்குமாடி வீடுகளுக்கெல்லாம் சுடுநீர்க் குழாய் வழியாகச் சூடு அனுப்பும் அலுவலகத்தில். எங்கள் சந்துக்கு அந்தக் குழாய் வரவில்லை. ஊருக்கே சூடு கொடுக்கிறவன் வீட்டில் நிலக்கரி அடுப்பு.

ஒருநாள் காலையில் போர்சோக் என்ற பொரித்த மாவுத் துண்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே என் தீர்மானத்தை அறிவித்தேன்.

"ஒரு கருவி கண்டுபிடிக்கப் போறேன்."

"பனி அள்ளற மண்வெட்டிக்குப் பிடி உடைஞ்சு கெடக்கு. மொதல்ல அதைக் கண்டுபிடிங்க."

"தீ அணையறதுக்கு முன்னாடி ஆளை எழுப்பிவிடற கருவி. விளையாட்டைச் செஞ்சவங்களுக்கு யோசனை எழுதப் போறேன். உலகம் பூரா எத்தனை பேர் தூக்கத்துல சாகறான் தெரியுமா?"

"அலாரம் கடிகாரம் வெச்சா ஆச்சு."

"அந்தக் காட்டுல கடிகாரம் ஓடாது. அதுதான் அங்க சட்டம். காட்டுல கெடைக்கிறதை வெச்சே செய்யணும்."

"பொண்டாட்டி கெடைக்க மாட்டாளா?"

"தனியா இருக்கறதுதான்மா விளையாட்டே."

"அப்ப சாகறதுதான் நியாயம்" என்று கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மேதைகளுக்கு வீட்டில் ஆதரவு கிடைப்பதில்லை. நான் தளரவில்லை. யோசித்தேன். வறட்டி என்றால் என்ன என்று தெரிந்த ஊரில் பிறந்தவனுக்குத்தான் இந்த யோசனை வரும். காய்ந்த சாணம் கொழுந்துவிட்டு எரியாது. சத்தம் போடாமல் கனிந்துகொண்டே போகும். நீளவாக்கில் ஒரு வறட்டித் துண்டு. அதன் குறுக்கே ஒரு கம்பளி நூல். நூலின் நுனியில் ஒரு குதிரை லாடம். லாடத்துக்குக் கீழே ஓர் இரும்புச் சட்டி மூடி. கனல் நூல் வரை வந்ததும் நூல் அறும், லாடம் விழும், மூடி அலறும், மனிதன் பிழைப்பான்.

விளையாட்டுத் தளத்தில் யோசனை சொல்ல ஓர் இடம் இருக்கிறது. என் மின்னஞ்சலின் கடவுச்சொல் மறந்துபோனதால் கனிஷாயின் மின்னஞ்சலைக் கொடுத்துக் கணக்குத் தொடங்கினேன். படம் போட்டு, அம்புக்குறி இட்டு விளக்கினேன். நூறு பேர் கைதட்டினார்கள். கரடித்தோல் என்ற புனைபெயரில் ஒருவர் மட்டும் கைதட்டவில்லை.

"எங்கேயாவது செய்து பார்த்தீரா? அல்லது சும்மா எழுதினீரா?" என்று கேட்டார்.

ரோஷம் வந்துவிட்டது. "நான் இருப்பது மலைநாடு. நிறுவனத்தார் பதில் சொல்லும் நாள்வரை எங்கள் வீட்டு அடுப்பிலேயே தினமும் சோதித்துக் காட்டுவேன். இது என் வாக்கு" என்று தட்டினேன்.

கரடித்தோல் விடவில்லை. "நல்லது. இத்தனை காலம் உங்கள் வீட்டு அடுப்பு விடியும்வரை எப்படி அணையாமல் இருந்தது?"

நான் யோசித்தேன். உண்மையிலேயே யோசித்தேன். பிறகு பதில் எழுதினேன்: "எங்கள் அடுப்பு தானாகவே எரியும்."

"தானாவா?"

குரல் என் முதுகுக்குப் பின்னால் இருந்து வந்தது. கனிஷாய் கையில் கரி வாளியோடு நின்றுகொண்டிருந்தாள்.

அவள் கோபித்திருந்தால் பிழைத்திருப்பேன். கோபத்துக்கு என்னிடம் மருந்து உண்டு. அவள் சிரித்தாள். வாளியை என் நாற்காலிக்குப் பக்கத்தில் அலுங்காமல் வைத்தாள்.

"சோதனைன்னா காட்டுல இருக்கற மாதிரியே இருக்கணும்ல?"

"கண்டிப்பா."

"காட்டுல நீங்க தனிதானே?"

"தனிதான்."

"அப்ப நானும் ஐசிரேக்கும் உள்ரூம்ல படுத்துக்கறோம். நான் இங்க இருந்தா லாடம் விழறதுக்கு முன்னாடியே முழிச்சுக்குவேன். அப்புறம் அந்தக் கரடிக்காரரு ஒத்துக்க மாட்டாரு."

என்ன அறிவான பெண் என்று பெருமைப்பட்டேன். பெருமைப்பட்டதை இப்போது நினைத்தால்தான் வேதனையாக இருக்கிறது. எங்கள் அடுப்பு இரண்டு அறைக்கும் நடுச்சுவரில் இருக்கிறது. வாய் என் பக்கம், முதுகு அவர்கள் பக்கம். அடுப்பு அணைந்தால் நான் மட்டும் விறைப்பதில்லை. மகள் ஐசிரேக்கும் விறைப்பாள். விளையாட்டில் செத்தால் மறுபடி தொடங்கு என்று ஒரு பொத்தான் வரும். இங்கே வராது.

முதல்நாள் காலை கண் விழித்தபோது வாளித் தண்ணீர் கண்ணாடியாகியிருந்தது. லாடம் ஒழுங்காக விழுந்து கிடந்தது. நான்தான் ஒழுங்காக எழவில்லை. உள்ளறைக் கதவு திறந்தது. மேலங்கி, கம்பளித் தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு கனிஷாய் வந்தாள்.

"காட்டுல எப்படி இருக்கு இன்னைக்கு?"

"சட்டி மூடி ரொம்ப தூரத்துல இருந்துடுச்சு."

"காதுகிட்ட வைங்க. உங்க காதுகிட்ட."

வைத்தேன். அன்றிலிருந்து கருவி ஒருநாளும் தவறவில்லை. லாடம் விழும்போதெல்லாம் என் குலதெய்வங்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்தார்கள். எழுந்தேன், சாம்பல் வாரினேன், கரி போட்டேன். முதலில் பெரிய கட்டி, அதற்குமேல் ஈரத்தூள், காற்றுக்கு ஓரத்தில் ஒரு வழி. கனிஷாய் ஒருமுறைதான் சொல்லிக் கொடுத்தாள். இரண்டாம் முறை கேட்டபோது, "தானா எரியற அடுப்புங்க, அதுக்கே தெரியும்" என்றாள்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ரயில் கிடையாது. ஆனால் குளிர்காலத்தில் என் கனவில் மட்டும் தினமும் ஒரு ரயில் போகும். கடகடவென்று வரும், நிற்கும், போய்விடும், பிறகு போர்வைக்குள் இதமாக இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகுதான் இந்தக் கனவு தொடங்கியது. அதிருஷ்டமான கனவு என்று அலுவலகத்தில்கூடச் சொல்லியிருக்கிறேன். இப்போது முட்டி போட்டு உட்கார்ந்து இரும்புக் கரண்டியால் சாம்பல் வாரியபோது அந்தச் சத்தம் கேட்டது. அதே ரயில். இத்தனை குளிர்காலமும் அவள்தான் அதை ஓட்டியிருக்கிறாள். காய்ச்சலோடு ஓட்டியிருக்கிறாள். ஐசிரேக்கை வயிற்றில் வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. கண்கூடக் கலங்கியது. பாதி கரித்தூள்தான், ஆனால் பாதி நிஜம்.

வெட்கம் வேறு, தூக்கம் வேறு. சில்தே வந்தது. நாற்பது நாள் கடுங்குளிர். எச்சில் துப்பினால் தரைக்கு வரும்முன் கல்லாகும். லாடம் முன்பைவிட அடிக்கடி விழ வேண்டியிருந்தது. நான் தேய்ந்துபோனேன். அலுவலகத்தில் யார் என்ன கேட்டாலும் "கரி போட்டாச்சு" என்று பதில் சொன்னேன். கனிஷாய் மட்டும் நாளுக்கு நாள் மெருகேறினாள். கன்னம் சிவந்தது. பாத்திரம் கழுவும்போது பாட்டு வந்தது. சந்துப் பெண்கள் அவளை நிறுத்தி என்ன பசை பூசுகிறாய் என்று விசாரித்தார்கள்.

ஒரே நம்பிக்கை, நிறுவனத்தாரின் பதில். அது வந்த அன்று என் வாக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு கரடித்தோலும் கேட்க முடியாது, கனிஷாயும் கேட்க முடியாது.

"உன் மின்னஞ்சலுக்கு ஏதாவது வந்துச்சா?"

"வந்தா நான் சொல்லாம வேற யாரு சொல்லப் போறாங்க?"

சரியான பேச்சு. என்ன குறை கண்டுபிடிப்பது?

சில்தே முடியும்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு தந்திரம் செய்தேன். மிச்சமிருந்த வறட்டியை எல்லாம் சத்தமில்லாமல் அடுப்பில் போட்டு எரித்துவிட்டு, முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தேன்.

"வறட்டி தீந்துபோச்சு. இந்தப் பனியில எங்க போய்த் தேடறது? விஞ்ஞானத்துக்கு வந்த சோதனை. சோதனையை நிறுத்திட வேண்டியதுதான்."

"அடடா" என்றாள் கனிஷாய்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு பெக்தெமிர் அண்ணன் முதுகில் ஒரு மூட்டையோடு உள்ளே வந்தார். மாடு வளர்க்கிறவர். மூட்டையை இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி போன வாரமே சொல்லிச்சு. நல்லா காஞ்ச வறட்டி. என்னமோ விஞ்ஞானமாமே ஜிர்கால்? இன்னும் வேணும்னாலும் கூச்சப்படாம கேளு."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணே, விஞ்ஞானமும் வேணாம் ஒண்ணும் வேணாம். பதில் வருதோ வரலையோ, இன்னையோட சரி. நான் தூங்கப் போறேன்."

கனிஷாய் எனக்குத் தேநீர் ஊற்றினாள். அண்ணனுக்கு ஊற்றினாள். தன் கைபேசியை எடுத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"சுயுஞ்சு" என்றாள்.

எங்கள் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் பிணம்கூடப் பைக்குள் கை விடும். நல்ல செய்தி கொண்டுவந்தவர் முதலில் அப்படிச் சொல்வார். கேட்கிறவர் பரிசைக் கொடுத்துவிட்டுத்தான் செய்தியைக் கேட்கலாம். என்ன கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்னால் வந்த நல்லது திரும்பிப் போய்விடும்.

எனக்குப் புரிந்துவிட்டது. பதில் வந்துவிட்டது. விடுதலை. ஒரு ஜோடி பூட்ஸ் கேட்பாள், மிஞ்சினால் ஒரு சால்வை. என் தூக்கத்துக்கு அது மலிவு.

"கேளு. என்ன வேணும்னாலும் கேளு. கொடுத்தேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசனை என்ன யோசனை? பெக்தெமிர் அண்ணன் சாட்சி."

"நான் சாட்சி" என்றார் அவர், போர்சோக்கை மென்றுகொண்டே.

"அடுப்பு இனிமே உங்களோடது. இந்தக் குளிர்காலம், வர்ற குளிர்காலம், அதுக்கப்புறம் வர்றது எல்லாம். லாடம் விழுந்தாலும் விழாட்டியும்."

நான் பெக்தெமிர் அண்ணனைப் பார்த்தேன். அவர் மேல்கூரையைப் பார்த்தார்.

"அண்ணே, இதெல்லாம் சுயுஞ்சுல வருமா?"

"கொடுத்தேன்னு சொன்னியே தம்பி. என் காதுலயே விழுந்துச்சு. நல்லவேளை எங்க வீட்டுக்காரி இங்க இல்ல." அவர் தேநீரைக்கூட முடிக்காமல் கிளம்பிவிட்டார்.

கனிஷாய் கைபேசியை நீட்டினாள். படித்தேன். உங்கள் கருவி எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது, அடுத்த பதிப்பில் சேர்க்கிறோம், செய்தவர் என்று உங்கள் பெயரையும் போடுகிறோம் என்று எழுதியிருந்தார்கள். இரண்டாம் முறை படித்தேன். பனிக்காட்டில் இனி யாரும் தூக்கத்தில் சாகமாட்டார்கள். அதைச் செய்தது நான். பொய் சொல்வானேன், அந்த ஒரு நிமிடம் அடுப்பெல்லாம் மறந்தே போனது.

பிறகுதான் மேலே தேதியைப் பார்த்தேன்.

"கனிஷாய், இது சில்தே தொடங்கறதுக்கு முன்னாடியே வந்திருக்கே."

"ஆமா."

"நாற்பது நாள் நான் எழுந்து எழுந்து செத்தேனே. அப்பவே ஏன் சொல்லல?"

"தூங்கிட்டு இருந்தேன்" என்றாள்.