புகையண்ணனின் ரப்பர் வார்

மலாயாவின் கெடா மாநிலத்திலேயே ஜப்பான்காரனுக்குப் பயப்படாத ஒரே ஆள் எங்கள் புகையண்ணன்தான். அவர் பயந்ததெல்லாம் நெருப்புக்கு!

பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை பார்த்தவர். கொட்டகை ஒருமுறை எரிந்து சாம்பலானதிலிருந்து, சுடுசோற்றைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். ஜப்பான் காலத்தில் தோட்டம் படுத்துவிட, செமிலிங் துறையில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றும் மோட்டார் படகுக்கு இன்ஜின்காரராக வந்தார். அதில் சுக்கான் பிடித்தவன் நான்.

டீசல் ஏது? ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெயில்தான் இன்ஜின் ஓடியது. அது எப்போது பற்றிக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. இன்ஜின் அறையோ மூடி போட்ட பொந்து. உள்ளே தீப்பிடித்தால், மேலே இருப்பவனுக்குக் கால் சுட்ட பிறகுதான் தெரியும்.

புகையண்ணன் விடுவாரா? பச்சை ரப்பர் ஷீட்டை வாராக வெட்டி, இன்ஜினுக்கு மேலே இழுத்துக் கட்டி, நுனியில் கல் நிரப்பிய ரப்பர் பால் வாளியைத் தொங்கவிட்டார். சூடு ஏறினால் வார் அறும், வாளி கீழே உள்ள தகரத்தில் விழுந்து சத்தம் போடும்.

"இது வேல செய்யுமா அண்ணே?"

"செய்யும் லா தம்பி. சூடு பட்டா ரப்பரு ஒடனே விட்டுடும்."

செய்தது. வெயில் சூட்டுக்கே செய்தது! வாளி விழுந்த சத்தத்தில், காவலுக்கு வந்த ஜப்பான் சார்ஜண்ட் குண்டு விழுந்ததாக நினைத்துத் துப்பாக்கியோடு ஆற்றில் குதித்தான். நாங்களே இழுத்துப் போட்டோம். ஏறியதும் "பகேரோ!" என்று அவன் பாஷையில் திட்டி அண்ணனுக்கு ஓர் அறை. வாளி ஆற்றுக்குப் போனது. இனிச் சத்தம் கேட்டால் தலை இருக்காது என்று கழுத்தைத் தடவிக் காட்டினான்.

அடுத்த வாரம் நிறைமாதமாக இருந்த என் மனைவி, தாய்வீட்டுக்குப் போக அதே படகில் ஏறினாள். சார்ஜண்டும் ஏறினான். அண்ணன் மூடிக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்திருந்தார். உள்ளேயிருந்து வந்த ரப்பர் வார் அவர் கால் கட்டைவிரலில் இறுக்கிக் கட்டியிருந்தது. வெயிலுக்கு அறாதபடி இந்தத் தடவை இரட்டை வார்.

"சத்தந்தானே கூடாதுன்னான்?" என்றார்.

நடு ஆற்றில் சட்டென்று எழுந்தார். விரலில் வார் தொளதொளத்துக் கிடந்தது.

"விட்டுடிச்சி தம்பி! நீ கரைய பாத்து ஓட்டு."

இரண்டு ஈரச் சாக்கோடு உள்ளே இறங்கி மூடியைச் சாத்திக்கொண்டார். நெருப்பென்றால் பத்தடி தள்ளி நிற்கிற மனுஷர்! நான் சுக்கானைக் கரைப்பக்கம் திருப்பினேன். என் மனைவி அந்த மூடிக்கு இரண்டு முழம் தள்ளி மாங்காய் கடித்துக்கொண்டிருந்தாள். இடுக்கில் புகை வந்தது. சார்ஜண்ட் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கிட்டே வந்தான்.

மூடி திறந்தது. புருவமில்லாத முகம் ஒன்று வெளியே வந்தது. கொப்புளித்த கையில் கருகிய கிழங்கு!

"உபி பக்கார், துவான்! மக்கான்?" சுட்ட கிழங்கு, சாப்பிடுகிறீர்களா துரை என்று மலாயில் கேட்டார்.

முறைத்த சார்ஜண்ட், வாங்கித் தின்றுவிட்டான்.

"தீன்னு தெரிஞ்சா நாசவேலைன்னு நம்மளத்தான் வெட்டுவான். யாருகிட்டயும் மூச்சு விடாத," என்று என்னிடம் சத்தியம் வாங்கினார் அண்ணன்.

என் மனைவிக்கும் தெரியாது. படகில் அடுப்பு மூட்டிக் கிழங்கு சுட்ட கிறுக்கன் என்று, பிறந்த மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே அவரைத் திட்டுவாள். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். அவர் போய்ச் சேர்ந்து பல காலம் கழித்து, மனசு கேட்காமல், சத்தியத்தை மீறி அவளிடம் சொன்னேன்.

அன்று அவள், சாவு விழுந்த வீட்டைப் போல, உலை வைக்கவில்லை.