இடம் கேட்டு வந்த ஓலா அண்ணை

கனடாவுக்கு வந்த யாழ்ப்பாணத்தவர்களில் ஆங்கிலம் பேசுவதற்கு முன்னால் ஸ்பானிஷ் பேசத் தொடங்கிய ஒரே மனிதர் எங்கள் ஓலா அண்ணைதான். இன்னொருவர் இருக்கிறார் என்று யாராவது எழுதினால் வாசிப்பேன், ஆனால் நம்ப மாட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மல்வேர்ன் பகுதியில் நாங்கள் இருந்த, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய ரவுன்ஹவுஸ் வரிசையில் யாரைக் கண்டாலும் அவர் கையை உயர்த்தி "ஓலா" என்பார். ஸ்பானிஷ்காரர் வணக்கம் சொல்லும் முறை அது. முதல் தடவை அதைக் கேட்ட என் கணவர், யாரோ ஓலைப் பெட்டி விற்க வந்திருக்கிறார் என்று நினைத்து, "எங்களுக்கு வேண்டாம் அண்ணை" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு ஓலா அண்ணை.

எங்களுக்கு இரண்டு கதவு தள்ளி இருந்த மார்த்தாவின் வீட்டு நிலக்கீழ் அறையான பேஸ்மென்றில் அவர் வாடகைக்கு இருந்தார். மார்த்தாவும் கணவரும் எல் சல்வடோர் நாட்டிலிருந்து வந்தவர்கள். எங்களைப் போலவே சண்டைக்குத் தப்பி வந்தவர்கள். ரோசா என்று ஒரே மகள். மார்த்தா சோபா செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தாள். அங்கேயே ஓலா அண்ணைக்கும் வேலை எடுத்துக் கொடுத்தாள். அவரைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் மார்த்தாவின் நாட்டுக்காரர். ஆணி, பசை, சாப்பாடு, மேலாளர் வருகிறார் கவனம் என்று எல்லாவற்றையும் அவர் ஸ்பானிஷில்தான் கற்றார். முதல் சில மாதங்களில், தான் படிப்பது ஆங்கிலம் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்ததாக எங்கள் வரிசையில் ஒரு கதை உண்டு. அவர் அதை மறுத்தார். ஆனால் பலமாக மறுக்கவில்லை.

கோயிலில் நடந்ததற்கு நானே சாட்சி. அர்ச்சனை ரிக்கற்றை வாங்கிய ஐயர் பெயரைக் கேட்டார், ஓலா அண்ணை சொன்னார். நட்சத்திரம் கேட்பதற்குள் இவர் நன்றி சொல்லும் நினைவில் "கிராசியாஸ்" என்றுவிட்டார். ஐயர் மந்திரத்தை நிறுத்தி, "அது எந்த நட்சத்திரம்?" என்று கேட்டார். பின்னால் நின்ற வரிசை முழுவதும் அதன் விடைக்காகக் காத்து நின்றது.

சனிக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகள் காலையிலிருந்து கார்ட்டூனுக்கு முன்னால் உறைந்து போயிருப்பார்கள். ஓலா அண்ணைக்கு அது பொறுக்கவில்லை. மார்த்தாவின் கராஜைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையிலிருந்த பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டார். ரோசாவுக்குத் தன் நாட்டுக் கொண்டாட்டங்கள் மறந்து போகக் கூடாது என்பது மார்த்தாவின் எண்ணம். ரோசாவைத் தனியே வைத்துக் கொண்டாட முடியாது, அதற்கு ஒரு கூட்டம் வேண்டும் என்பது ஓலா அண்ணையின் எண்ணம். மார்த்தா சொல்லித் தருவாள், இவர் அதை இரண்டு மடங்காக்கிச் செய்வார்.

நிறத்தாள்களை மடித்துப் பூவும் பறவையுமாக வெட்டித் தோரணம் கட்டினார்கள். அது மார்த்தாவின் கராஜில் தொடங்கி எங்கள் சமையலறை யன்னல் வரை வந்தது. யார் வீட்டுக் கலியாணம் என்று கேட்டு இரண்டு பேர் காரை நிறுத்தினார்கள். பிறகு சோடா குடித்து முடித்த வெறும் பொப் ரின்களுக்குள் தானியம் போட்டுக் கிலுக்கும் மராக்காஸ் செய்தார்கள். என் வீட்டு மைசூர்ப் பருப்பு முழுவதும் அப்படித்தான் போனது. அந்த வாரம் எங்கள் வரிசையில் எவருக்கும் பகல் நித்திரை இல்லை. இன்னொரு சனிக்கிழமை புப்புசா சுட்டார்கள். சோளமாவுக்குள் போஞ்சி விதை மசியலும் சீஸும் வைத்துத் தட்டிய தடித்த ரொட்டி. நான் சம்பல் இடித்துக்கொண்டு போனேன். மார்த்தா ஒரு வாய் வைத்துவிட்டுக் குழாயடியில் போய் நின்றாள். அடுத்த கிழமை அவளாகவே சம்பல் எங்கே என்று கேட்டாள்.

இதில் தமிழ் வகுப்பு நடத்திய மாஸ்டருக்குத்தான் மனவருத்தம். ஒன்று இரண்டு சொல்லுங்கோ என்றால் எங்கள் பிள்ளைகள் "ஊனோ, டோஸ், த்ரேஸ்" என்று தொடங்கினார்கள். அவர் நேரே கராஜுக்கு வந்து முறையிட்டார். ஓலா அண்ணை பொறுமையாகக் கேட்டார்.

"பிழையில்லாமல் எண்ணினவையோ மாஸ்டர்?"

"அது எண்ணினவை."

"அப்ப கணக்கு வருது. பாசையை மெல்ல மெல்ல மாத்துவம்."

அவர் கட்டிய பினாட்டாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிறந்தநாளில் தாளால் செய்த ஒரு பொம்மைக்குள் இனிப்பு நிரப்பிக் கட்டித் தொங்கவிட, பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு தடியால் அடித்து உடைப்பார்கள். ரோசாவின் பிறந்தநாளுக்கு ஓலா அண்ணை தமிழ்ப் பத்திரிகைகளை ஒட்டி ஒரு கழுதை செய்தார். அது கழுதையாக வரவில்லை. முன்னங்காலை மடித்த நந்தியாக வந்தது. சுவாமியின் வாகனத்தைப் பிள்ளைகள் பொல்லால் அடிப்பதா என்று ஓர் அம்மா கேட்டார். கேள்வி நியாயமானதுதான் என்று ஓலா அண்ணையும் ஒப்புக்கொண்டு, காதை நீட்டி முயலாக்கினார். அத்தோடு விட்டிருக்கலாம். நீட்டிய காது விழாமல் இருக்கத் தொழிற்சாலையில் சோபாவுக்கு அடிக்கும் பசையை முழு உடம்புக்கும் பூசினார். பிள்ளைகள் அடித்தார்கள், பிறகு அப்பாமார் அடித்தார்கள், ஒருவர் ஹொக்கி மட்டை கொண்டுவந்து அடித்தார். மட்டைதான் உடைந்தது. கடைசியில் மார்த்தாவின் கணவர் மரம் அறுக்கும் வாளால் அறுத்து முயலைத் திறந்தார். உள்ளே இருந்த பயற்றம் உருண்டைகள் மாவாகிப் போயிருந்தன. பிள்ளைகள் அந்த மாவை நக்கிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்கள்.

இவ்வளவும் செய்த மனிதரின் சொந்த மனைவியும் பிள்ளையும் கொழும்பில் ஓர் அறையில் விசாவுக்காகக் காத்திருந்தார்கள். மகள் சுஜி கைக்குழந்தையாக இருந்தபோது புறப்பட்டு வந்தவர் அவர். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. கேட்டால், "அலுவல் நடக்குது" என்பார். ரோசாவும் அவருடைய மகளும் ஏறக்குறைய ஒரே வயது என்பது எனக்கு மார்த்தா சொல்லித்தான் தெரியும். ரோசா அவரிடமிருந்து தமிழ் பொறுக்கிக்கொண்டாள். சனிக்கிழமைகளில் அவர் பிள்ளைகளுக்குச் சொல்வதைக் கேட்டு வந்த தமிழ் என்பதால் எல்லாம் கட்டளைகள். "இரு", "தள்ளாதை", "மூக்கைத் துடை". இவற்றை அவள் அட்சர சுத்தமாகச் சொல்வாள்.

ஓர் இலையுதிர்காலத்தில் விசா வந்தது. மார்த்தாவின் வான் வண்டியில் நாங்களும் விமான நிலையத்துக்குப் போனோம். ஓலா அண்ணை புது ஜக்கெற் போட்டிருந்தார். அன்று அவர் யாருக்கும் ஓலா சொல்லவில்லை. கதவு திறந்து மனைவி வந்தார், பக்கத்தில் இரட்டைப் பின்னலோடு சுஜி வந்தாள். இவர் குனிந்து இரண்டு கையையும் நீட்டினார். கனடாவில் பெரியவர்களைக் கண்டால் எப்படிப் பேச வேண்டுமென்று கொழும்பில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். சுஜி மரியாதையாக "ஹலோ அங்கிள்" என்றாள்.

தாய் பதறி, "அப்பா பிள்ளை, அப்பா" என்று சொல்லித் திருத்தினார். சுஜி தாயின் பின்னால் போய் நின்றுகொண்டாள். தாயின் காதில் அவள் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"படத்திலை இருக்கிற அப்பாவுக்குத் தலைமயிர் இருக்கு."

ஓலா அண்ணை தலையைத் தடவினார். நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். வண்டியில் திரும்பி வரும்போது அவர் முன் இருக்கையிலிருந்து ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளை பயந்துவிடும் என்று நினைத்தாராம்.

பயம் போகவில்லை. அவர் வேலையால் வந்தால் சுஜி தாயின் சேலைத் தலைப்புக்குள் போய்விடுவாள். அவர் சாப்பிட்டு எழும்பிய பிறகுதான் சாப்பிட வருவாள். அவரோடு ஒரு சொல்லும் பேச்சில்லை. வரிசை முழுவதிலும் இருந்த பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த மனிதருக்குத் தன் பிள்ளையின் பக்கத்தில் எப்படி நிற்பதென்று தெரியவில்லை. சனிக்கிழமைகளில் கராஜ் பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் வந்து தட்டினால் அவரைத் தேட வேண்டாம், அண்ணைக்குச் சுகமில்லை என்று மார்த்தா சொல்லி அனுப்பினாள்.

ஆனால் ரோசா சுஜியை விடவில்லை. பேஸ்மென்றுக்கு இறங்கிப் போய் "வா" என்பாள், "இரு" என்பாள், "மூக்கைத் துடை" என்பாள். தெரிந்த பாசையில் தன் வயதுப் பிள்ளை ஒன்று அதட்டுவது சுஜிக்குப் பிடித்துக்கொண்டது. சில வாரங்களில் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

மார்கழியில் மார்த்தா என் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் நொண்டி நொண்டி நடந்து கடைசியில் விசயத்துக்கு வந்து சேர்ந்தன. அவர்கள் ஊரில் இயேசு பிறந்த நத்தாருக்கு முந்திய நாட்களில் பொசாடா என்று ஒன்று செய்வார்களாம். மரியாளும் சூசையும் தங்க இடம் தேடி அலைந்ததைப் பிள்ளைகள் நடித்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். கதவைத் தட்டி இடம் கேட்பார்கள். உள்ளே இருப்பவர்கள் இடமில்லை என்று அனுப்ப வேண்டும். கடைசி வீட்டில் மட்டும் கதவு திறக்கும், எல்லோரும் உள்ளே போய்ச் சாப்பிடுவார்கள். ஓலா அண்ணையை எழுப்ப வேறு வழி தெரியவில்லை என்றாள்.

எங்கள் வரிசையில் இது உடனே பிரச்சினையானது. பிள்ளைகளை மதம் மாற்றுகிறார்களோ என்று கேட்டார்கள். ஓலா அண்ணைதான் வீடு வீடாகப் போய்ப் பேசினார். வெகு நாட்களுக்குப் பிறகு வேலைக்கல்லாமல் அவர் வெளியே வந்தது அன்றுதான். எங்கள் வாசலில் நின்று என் கணவரிடம் சொன்னது நினைவிருக்கிறது.

"தங்க இடம் கேக்கிறதுக்கு என்ன சமயம் தம்பி? நாங்களும் அதுதானே கேட்டு வந்தனாங்கள்."

என் மகள் மரியாள், மகன் சூசை. இருவருக்கும் பனிச் சப்பாத்து. ஓலா அண்ணை போர்வையைப் போர்த்துக்கொண்டு கழுதையானார். மார்த்தா முன்னால் பாடிக்கொண்டு போனாள். பின்னேரமே இருட்டி, பனி தூறிக்கொண்டிருந்தது.

திட்டம் முதல் வீட்டிலேயே சரிந்தது. சூசை இடம் கேட்டான். கதவைத் திறந்த அன்ரி இடமில்லை என்று சொல்லப் பத்து நாள் பழகியவர்தான். ஆனால் குளிரில் நிற்கும் பிள்ளைகளைக் கண்டதும், "ஐயோ உள்ளுக்கை வாங்கோ, ரோல்ஸ் பொரிச்சனான்" என்றுவிட்டார். மார்த்தா தலையில் கைவைத்தாள். அடுத்த வீட்டில் வடை. அதற்கடுத்த வீட்டில் இடமில்லை என்று சரியாகச் சொன்னார்கள், சொல்லிவிட்டுத் தேத்தண்ணித் தட்டை வெளியே கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு வந்தவரை இல்லை என்று அனுப்ப எங்கள் ஆட்களுக்கு ஒத்திகை போதவில்லை. என் மகன் சூசை ஒரு வீட்டில் ஹொக்கி ஆட்டம் போய்க்கொண்டிருப்பதைக் கண்டு அங்கேயே சோபாவில் குடியேறிவிட்டான். மரியாளுக்குக் கால் விறைத்து, அவளை நான் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

கடைசிக் கதவு மார்த்தா வீட்டின் பின்பக்கம், பேஸ்மென்றின் கதவு. உள்ளே சுஜியும் அவளுடைய தாயும் ரோசாவும் இருந்தார்கள். கதவைத் திறந்து வரவேற்பது சுஜியின் வேலை. இடம் கேட்கச் சூசை இல்லை. எல்லோரும் கழுதையைப் பார்த்தோம். ஓலா அண்ணை போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டார். பிறகு தட்டினார்.

"தங்க இடம் இருக்கோ?"

உள்ளே குசுகுசுப்பு. முதல் தடவை கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும் என்று ரோசா படிப்பித்திருந்தாள். சுஜியின் குரல் தெளிவாக வந்தது.

"இடமில்லை."

அன்று எங்கள் வரிசையில் அந்த வசனத்தைச் சரியாகச் சொன்னது அவள் ஒருத்திதான். யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். ஓலா அண்ணையின் முகத்தை நான் பார்க்கவில்லை. போர்வை மறைத்திருந்தது. அவர் திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் மறுபடியும் தட்டினார்.

"ஆர் நீங்கள்?" என்று கேட்டாள் சுஜி.

வழக்கப்படி சூசை என்று சொல்ல வேண்டும். மார்த்தா மெல்ல எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைக் கேட்கவில்லை.

"நான் சுஜியின்ர அப்பா."

உள்ளே மறுபடியும் குசுகுசுப்பு. பிறகு தாழ்ப்பாள் இழுபட்டது. சுஜி கதவைப் பாதி திறந்து, அவரை ஏற இறங்கப் பார்த்தாள். போர்வையின் மேல் பனி ஒட்டியிருந்தது.

"சுஜியின்ர அப்பா எண்டால் வாங்கோ. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ."

அவர் சப்பாத்தைக் கழற்ற வெகு நேரம் எடுத்தார். குனிந்தபடியே இருந்தார். சுஜி பொறுமையிழந்து, தானே கீழே குந்தியிருந்து நாடாவை அவிழ்த்துவிட்டாள். நாங்கள் வெளியே பனியில் நின்றோம். முதல் தடவையாக எங்கள் பெண்கள் யாரும் உள்ளே போக அவசரப்படவில்லை.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் கராஜ் திறந்தது. தோரணம் வெட்டும் கூட்டத்தில் சுஜியும் இருந்தாள், தகப்பனின் முழங்காலில் சாய்ந்துகொண்டு. சில வருடங்களில் அவருக்குத் தூரத்து மிசிசாகாவில் நல்ல வேலை கிடைத்தது. குடும்பத்தோடு அங்கே போய்விட்டார்.

அவர் போன அடுத்த சனிக்கிழமை யன்னலால் எட்டிப் பார்த்தேன். வரிசையிலிருந்த பிள்ளைகள் என்ன செய்வதென்று தெரியாமல் மார்த்தாவின் கராஜுக்கு முன்னால் நின்றார்கள். அடுப்பை நிறுத்திவிட்டு நானும் போய் அவர்களோடு கொஞ்ச நேரம் நின்றேன்.