மூன்றாம் நம்பர் மெஷினின் கண்ணீர்

வடக்குப்பட்டு,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய மதினி அவர்களுக்கு, உங்கள் தம்பி பெண்டாட்டி பாண்டிச்செல்வி வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் நானும் உங்கள் தம்பியும் போன மாதம் வாங்கிய மிக்சியும் நலம். அவ்விடம் அண்ணாச்சியும் பிள்ளைகளும் நலமாக இருக்க இருக்கன்குடி ஆத்தாளை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் உங்கள் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வதை எல்லாம் குறிப்பெடுக்கிறார்.

எல்லாம் ஒரகடம் பழைய பேப்பர் கடையால் வந்தது. கடைக்காரர் எடைக்குப் போட இருந்த ஒரு பழைய இங்கிலீஷ் அகராதியை, அட்டை கூட இல்லாததை, உங்கள் தம்பி கெஞ்சி வாங்கிவந்துவிட்டார். அதில் உள்ள விளக்கத்துக்கு விளக்கம் பார்க்க ஒரு போன் வேண்டியிருக்கிறது. பார்த்தால், எழுதுகிறவர்களுக்கென்றே அந்தக் காலத்து வெள்ளைக்காரன் விதவிதமாகப் பெயர் வைத்திருக்கிறான். ‘ஸ்கிரிப்டூரியண்ட்’ என்றால் எழுதியே தீரவேண்டும் என்று கை அரிக்கிறவனாம். அதைப் படித்ததும், சின்ன வயதிலிருந்து தனக்கு இருந்த கோளாறுக்கு இன்றுதான் பெயர் தெரிந்தது என்று கண் கலங்கிவிட்டார். ‘க்வில் டிரைவர்’ என்றால் இறகுப் பேனா ஓட்டுகிறவன். கம்பெனியில் எல்லாரும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார்கள், நான் இறகு ஓட்டுகிறேன் என்று ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். ‘போயட்டாஸ்டர்’ என்றால் மட்டமான கவிஞன். அந்தப் பக்கத்தை மட்டும் பசை போட்டு ஒட்டிவிட்டார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கரண்ட் பில்லுக்குப் பின்னால் எழுதினார், கேஸ் புக்கில் எழுதினார், வீட்டுக்கார அம்மா காமாட்சியம்மாள், “இன்னாம்மா, உன் வூட்டுக்காரு நான் ஒட்டி வெச்ச தண்ணி டைம் பேப்பர்ல ஏதோ நெலாவப் பத்தி எழுதிக்கினு கீறாரு, நான் மோட்டார் எப்ப போடறது” என்று கேட்டார். நானும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். இந்த மாதக் கடைசியில் வேலை நிரந்தரம் ஆகுமா என்று தெரியும், அதுவரை மனுஷன் ஏதோ சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு மதினி. ஷிப்ட் முடிந்து போகிறவர்கள், அடுத்து வருகிறவர்களுக்காக லைன் பக்கத்துப் பலகையில் மெஷின் நிலவரத்தை எழுதிவைத்துவிட்டுப் போகவேண்டும். எண்ணெய் கசிகிறது, இன்ன நட்டை இறுக்கு, அவ்வளவுதான். உங்கள் தம்பி வியாழக்கிழமை என்ன எழுதினார் தெரியுமா. “விடிந்தும் விடியாத பொழுது. மூன்றாம் நம்பர் மெஷினின் கண்ணோரம் ஒரு துளி. அது எண்ணெயா, கண்ணீரா? அதைக் கசியவிட்ட நட்டு எது? நாளை பார்ப்போம்.”

அடுத்த ஷிப்ட்காரர்கள் இருக்கிற நட்டை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போன் மேல் போன் போட்டார்கள். இவர் எடுத்துக் கேட்டுவிட்டு, “நாளைக்கி பாருங்க” என்று வைத்துவிட்டு, முகமெல்லாம் பல்லாக என்னிடம் வந்தார். “அடுத்து என்ன ஆச்சுன்னு துடிக்காங்க செல்வி. இப்பமே சொல்லிட்டா சுவாரஸ்யம் போயிரும்லா.” அங்கே லைன் நின்றுபோய்விட்டது.

மறுநாள் சாயங்காலம் சூப்பர்வைசர் கன்னியப்பன் சார் வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர், கத்தவில்லை. “மேல விளக்கம் கேக்கறாங்கம்மா. திங்கக்கெழம காலைல ஒரு பக்கத்துல எழுதிக் குடுக்கச் சொல்லு. ஒரே பக்கம். கத கித வோணாம். அதப் பாத்துதான் பர்மனென்ட் பத்தி முடிவு பண்ணுவாங்க” என்றார். நிரந்தரம் ஆகாவிட்டால் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து நிற்கவேண்டியதுதான்.

நேற்று முழுக்க எழுதினார். எட்டிப் பார்த்தேன். “நான் பிறந்த அன்று பலத்த மழை” என்று விளக்கம் ஆரம்பமாகியிருந்தது. நீங்களும் அதில் வருகிறீர்கள், மூக்கு ஒழுகிக்கொண்டு. மெஷின் இன்னும் வரவில்லை.

ஆகவே மதினி, உங்கள் ஒரு சொல்லுக்குத்தான் அவர் அடங்குவார். உடனே ரயில் ஏறி வந்து, அந்த அகராதியை உங்களோடு கொண்டுபோய் அடுப்பில் போடவும். எழுதுகிற ஆளோடு குடித்தனம் நடத்த என்னால் ஆகாது. அண்ணாச்சிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு, உங்கள் வரவை எதிர்நோக்கும்,
பாண்டிச்செல்வி.

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது. அவர் பிறந்து ஐந்தாம் வகுப்பு வருவதற்குள் அசந்து தூங்கிவிட்டதால், விளக்கத்தை நானே எழுதினேன். கேஸ் புக்கில் அவர் குறித்துவைத்திருந்ததைப் பார்த்து, மூன்றாம் நம்பர் மெஷின், இடப்பக்கம் கீழ் நட்டு என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். பிறகு எப்படியோ பேனா நிற்கவில்லை. கன்னியப்பன் சார் நின்றபடி படிக்க ஆரம்பித்து உட்கார்ந்து முடித்தாராம். அகராதிப்படி நான் வெறும் ‘அமானுவென்சிஸ்’, அதாவது பிறர் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என்று உங்கள் தம்பி சொல்லித் திரிகிறார். அவர் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. அகராதியை எரிக்க வேண்டாம், அது இப்போது என் தலைமாட்டில் இருக்கிறது. வரும்போது நீள நோட்டு இரண்டு வாங்கி வரவும், இரண்டும் எனக்கு. வேலை நிரந்தரம் ஆயிற்றா என்று கேட்பீர்கள். இன்று காலையில் தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தேன், அவ்வளவுதான் எழுதுவேன். மீதியை இப்போதே சொல்லிவிட்டால் சுவாரஸ்யம் போய்விடும்.