கார்மடியைத் திருப்பி வாங்க மாட்டேன்

ஆம்பூர்,
வெள்ளிக்கிழமை இரவு.

மதிப்பிற்குரிய ஜெயசீலன் மாமா சமூகத்துக்கு, உங்கள் அக்கா மகள் ஜாஸ்மின் வணக்கத்தோடு எழுதுவது.

ஆண்டவர் கிருபையில் இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். சத்துவாச்சாரியில் நீங்களும் சௌந்தர்யா அத்தையும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். நேற்று ஃபோனில் நீங்கள் கத்தியதைக் கேட்டதிலிருந்து உங்கள் தொண்டைக்கும் சேர்த்து ஜெபிக்கிறேன்.

மாமா, இந்தக் கடிதத்தைக் கெமிஸ்ட்ரி ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். அம்மா தூங்கிவிட்டார். அப்பாவுக்கு இந்த வாரம் இரண்டாம் ஷிஃப்ட், பதினொன்றரைக்கு வண்டிச் சத்தம் கேட்கும், அதற்குள் முடிக்க வேண்டும். தெருவில் எந்த வண்டி திரும்பினாலும் நோட்டை மூடிவிட்டுப் பீரியாடிக் டேபிளைச் சத்தமாகச் சொல்கிறேன். ஒளிந்துகொண்டு சொல்வதால் நான் சொல்வது தப்பு என்று ஆகிவிடாது. ஆகவே தெளிவாக எழுதுகிறேன்: கார்மடியை நான் திருப்பி வாங்க மாட்டேன். புது பாஸ்வேர்டையும் தர மாட்டேன். நீங்கள் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆம்பூர் வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்வதாக இருந்தால், வாருங்கள், அம்மா மீன் வாங்குவார், சாப்பிட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அதற்கு முன் நடந்ததை முதலிலிருந்து நினைவுபடுத்துகிறேன், ஏனென்றால் உங்களுக்கு வசதியான இடத்திலிருந்துதான் நீங்கள் எப்போதும் ஆரம்பிக்கிறீர்கள். உங்கள் கம்பெனியின் அமெரிக்க மேலதிகாரி கிரெய்க் சார் ஒரு பேஸ்பால் லீக் நடத்துகிறார். பதினாறு அணிகள். ஆட்டக்காரர்கள் யாரும் உலகத்தில் இல்லாதவர்கள், பெயர், வயது, கை வலி எல்லாம் கம்ப்யூட்டரே கொடுத்தது, ஆட்டத்தையும் அதுவே ஆடிக்கொள்ளும். மேனேஜருக்கு வேலை இரண்டுதான்: சீசன் முடிந்த மாதங்களில் ஆளைக் கொடுத்து ஆளை வாங்கும் ட்ரேடு, புதுப் பையன்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட். மேலதிகாரி கேட்டாரே என்று நீங்களும் சேர்ந்தீர்கள். அணிக்கு 'பாலாறு பஃபல்லோஸ்' என்று பெயர் வைத்தீர்கள், அதோடு உங்கள் உழைப்பு முடிந்தது. நூற்று அறுபத்திரண்டு ஆட்டத்தில் நாற்பத்தெட்டு ஜெயித்துக் கடைசி இடத்தில் இருந்தபோது, நான் ஒன்பதாவது முழுப்பரீட்சை விடுமுறைக்கு உங்கள் வீட்டுக்கு வந்தேன். "பாப்பா, இத கொஞ்சம் பாத்துக்கோ, எனக்கு ஒரே பேஜார்" என்று லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு நீங்கள் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனீர்கள். அத்தை கிடைத்தார், கல்யாணம் நடந்தது, விருந்து முடிந்தது, இதோ நான் பிளஸ் ஒன் வந்துவிட்டேன். லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டீர்கள், அணியை வாங்க மறந்துவிட்டீர்கள். நான் அம்மாவின் ஃபோனில் இரண்டு சீசன் நடத்தினேன். இப்போது நாம் ஐந்தாவது இடம். போன வருடம் கிரெய்க் சார் உங்களுடைய அப்ரைசலில் 'தொலைநோக்கோடு திட்டமிடுகிறவர்' என்று எழுதியதற்கு நீங்கள் கேக் வெட்டினீர்கள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தீர்கள். நன்றாக இருந்தது.

இப்போது கார்மடிக்கு வருகிறேன். டெல்வின் கார்மடி நம் அணியின் பெரிய பந்து வீச்சாளர், எல்லாரும் ஆசைப்படும் ஆள், ஆனால் முப்பத்து நான்கு வயது. கிரெய்க் சார் தன் அணிக்கு அவரைக் கேட்டு இரண்டு ஆட்டக்காரர்கள் தருவதாக எழுதினார். எனக்கு மூன்று வேண்டும். பஜாரில் அம்மா சுடிதார் துணி வாங்குவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரிந்த வியாபாரம் அதுதான். துணியைக் குறை சொல்லி, விலையைக் குறை சொல்லி, "வேணாம்பா, வேற கடை பாத்துக்கறோம்" என்று எழுந்து மூன்று அடி நடப்பார். நான்காவது அடியில் கடைக்காரர் "இன்னாம்மா போய்ட்டே இருக்க, வா வா, உனக்காவத்தான்" என்று கூப்பிடுவார். நானும் கிரெய்க் சாருக்கு அதேபோல எழுதினேன்: உங்கள் ஆட்டக்காரர்கள் மிகச் சுமார், நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம். எழுதிவிட்டு நடந்தேன். மாமா, அவர் கூப்பிடவே இல்லை! 'பரவாயில்லை, வாழ்த்துகள்' என்று எழுதி ஒரு கட்டைவிரலும் போட்டுவிட்டுப் போயே போய்விட்டார். அமெரிக்காவில் ஆள் நடந்தால் நடக்க விட்டுவிடுவார்கள் போலிருக்கிறது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், குடையை மறந்து வைத்தவள் கடைக்குத் திரும்புவதுபோல, லீக் விதிமுறையில் ஒரு சந்தேகம் என்று நானே பேச்சை ஆரம்பித்தேன். அவர் மறுபடி இரண்டு பேர் என்றார். அப்போது அம்மாவின் அடுத்த ஆயுதத்தை எடுத்தேன். "வீட்ல கேட்டுட்டு வர்றேன்" என்பார் இல்லையா, அது. கணக்கு உங்கள் பெயரில் இருப்பதால் அதை உங்கள் வாயாலேயே எழுதினேன்: 'கார்மடி போவதில் என் மனைவிக்குச் சம்மதமில்லை, மிகவும் வருத்தப்படுகிறாள்.' கிரெய்க் சார் உருகிவிட்டார். மூன்றாவது ஆளையும் கொடுத்தார். இரவு ஒரு மணிக்கு நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கடவுள் அப்போதே பார்த்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் மீட்டிங்கில் நீங்கள் ஹெட்ஃபோன் ரிப்பேர் என்று வீட்டிலிருந்தே ஸ்பீக்கரில் போட்டுப் பேசியது என் குற்றமா? கிரெய்க் சார் அத்தனை பேர் முன்னால் "கார்மடியைப் பிரிந்ததை உன் மனைவி தாங்கிக்கொண்டாளா?" என்று கேட்டதும், அடுப்படியிலிருந்து அத்தை கரண்டியோடு வந்து "யாருங்க அவ கார்மடி? அவ போனா நான் ஏன் தாங்கிக்கணும்?" என்று கேட்டதும் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அன்று மாலையே அத்தை அம்மாவுக்கு ஃபோன் செய்து அழுதார். அம்மாவுக்கு இப்போது கார்மடி என்றால் உங்கள் ஆபீஸில் வேலை செய்யும் ஒரு பெண். "நம்ம சீலன் அப்பிடிப்பட்ட புள்ள இல்லையே" என்று நான்கு நாளாகப் புலம்புகிறார்.

இந்த நிலையில்தான் நேற்றுக் காலை நீங்கள் ஃபோன் செய்தீர்கள். ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் கட்டிங் ஹாலுக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது என்று அம்மா வீட்டில் வைத்துவிட்டுப் போவார் என்பது உங்களுக்குத் தெரியும். நான் எடுப்பேன் என்று நினைத்தீர்கள். எடுத்தது அப்பா. நீங்கள் "மச்சான், கார்மடிய எதுக்கு விட்டான்னு அவள கேளுங்க" என்று சொல்லிவிட்டீர்கள். பிறகு ஃபோனை என்னிடம் கொடுக்கச் சொல்லி என்னிடம் கத்தினீர்கள். ஃபோனை வைத்ததும் அப்பா என் எதிரில் வந்து நின்றார். "இன்னா பாப்பா, எதையோ விட்டுட்டியாமே. இன்னாது அது கார்மடி?" "கெமிஸ்ட்ரிப்பா. விஞ்ஞானி. அந்தப் பாடத்த விட்டுட்டேன்" என்றேன். அப்பா கோபப்படவில்லை. அதுதான் கொடுமை. "ஏம்மா, கஷ்டமா கீதா? விடாத. ஒன்னொன்னா படி" என்று தலையைத் தொட்டுவிட்டுப் போனார். போகிற வழியில் ட்யூஷன் ஜஹீருன்னிசா டீச்சரை நிறுத்தி, "டீச்சர், பொண்ணுக்குக் கார்மடி பாடம் வரலையாம், கொஞ்சம் பாத்துச் சொல்லிக் குடுங்க" என்றிருக்கிறார். டீச்சருக்குத் தெரியாது என்று சொல்லும் வழக்கம் இல்லை. "அது ரெண்டாவது புக்ல வருதுங்க, ஜனவரில எடுத்துடுவேன்" என்றிருக்கிறார். என் பக்கத்தில் உட்காரும் ஹீனா கேட்டுவிட்டு வந்து சொன்னாள். ஆகவே மாமா, நீங்கள் அப்பாவிடம் உண்மையைச் சொன்னால் மாட்டப்போவது நான் மட்டுமல்ல, டீச்சரும்தான். இன்னொன்று, ஒரே வீட்டில் அம்மாவுக்குக் கார்மடி பெண், அப்பாவுக்கு விஞ்ஞானி. அம்மா காலை ஷிஃப்ட், அப்பா இரண்டாம் ஷிஃப்ட், இன்னும் இருவரும் உட்கார்ந்து பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசுவார்கள். அந்த நேரம் பார்த்து நீங்களும் வருகிறேன் என்கிறீர்கள்.

எனக்குப் பயமில்லை என்று சொல்ல மாட்டேன். இந்த ஃபோனை அம்மா பீரோவில் வைத்துப் பூட்டினால், எனக்கு இருக்கும் ஒரே இடம் போய்விடும். பள்ளியில் நான் மூன்றாவது பெஞ்சில் உட்காரும் பெண். டீச்சர் என்னைக் கேட்பதற்குள் மணி அடித்துவிடும். இந்த லீக்கில் பதினைந்து பெரிய மனிதர்கள் நான் இன்று என்ன செய்வேன் என்று பயந்துகொண்டே காபி குடிக்கிறார்கள். அவர்கள் பயப்படுவது உங்கள் பெயருக்குத்தான் என்பது தெரியும். ஆனாலும் யோசிப்பது நான்.

ஆகவே ட்ரேடைப் பற்றியே பேசுவோம். லீக் செய்தி மடலில் நமக்கு 'டி மைனஸ்' என்று ஃபெயில் மார்க்குக்கு ஒரு படி மேலே போட்டு, 'சீலனுக்குப் புத்தி பிசகிவிட்டது, மூன்று ஓட்டைகளுக்கு ஒரு வைரத்தைக் கொடுத்தார்' என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தானே நீங்கள் பதறினீர்கள்? ஓட்டைதான். ஒருவன் இடக்கை வீச்சாளரைக் கண்டால் அடிக்க மாட்டான். இன்னொருவனுக்குத் தோள் வலி, ஜூலைக்குப் பிறகுதான் வருவான். மூன்றாமவன் எதையும் பிடிப்பான், மட்டையைத் தொட மாட்டான். ஆனால் ஓட்டை விழுந்த தோலைக் கண்டு ஆம்பூரில் யார் பயப்படுகிறார்கள்? போன மாதம் அம்மாவின் லைனில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு தோலை விரித்துப் பார்த்துவிட்டு, நடுவில் ஓட்டை என்று கையைப் பிசைந்தாளாம். "அய்ய, ஓட்டைய விட்டு அச்ச நகத்தி வெச்சு வெட்டுமா. ஷூவுக்கு முழுத் தோலா வேணும்? நாலு துண்டு வந்தா போதும்" என்று அம்மா சொன்னாராம். நான் செய்தது அதுதான். முதல் ஆளை வலக்கைக்காரர் வீசும் நாளில் மட்டும் இறக்குவேன். தோள் வலிக்காரன் ஜூலையில், மற்ற அணிகள் களைத்தபோது வருவான். மூன்றாமவன் நாம் முன்னணியில் இருக்கும்போது கடைசி நேரத்தில் பிடிக்க மட்டும் போவான். ஓட்டையைச் சுற்றி வெட்டினால் மூன்று பேரில் ஒன்றரை நல்ல ஆள் தேறுகிறான். கார்மடி அடுத்த வருடம் பாதி ஆள்கூட இல்லை. முப்பத்தைந்தைத் தொட்ட வீச்சாளர்களை எல்லாம் பழைய சீசன்களில் தேடிப் பார்த்தேன். இருபத்தாறு பேரில் இருபத்திரண்டு பேர் சரிந்தார்கள்.

டிராஃப்ட் கணிப்பையும் படித்தேன். ஒன்பதாவதாக ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை நம்முடையது, அதில் 'பாலாறு நிச்சயம் பந்து பிடிக்கும் கேட்சர் டேலனை எடுக்கும்' என்று பதினைந்து பேரும் எழுதியிருக்கிறார்கள். எடுக்க மாட்டேன். எலியாஸ் வெக்காவை எடுப்பேன். பதினெட்டு வயது, இடக்கை, மெதுவாக வீசுவான், யாரும் மதிக்கவில்லை. ஆனால் அவன் தாளில் 'கற்றுக்கொள்ளும் குணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் முழு மதிப்பெண். அந்தக் கட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. மூன்று வருட டிராஃப்டில் வந்த பெயர்களை எல்லாம் இந்த நோட்டிலேயே எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் கட்டத்தில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் பதினொரு பேர், அதில் ஒன்பது பேர் இப்போது பெரிய ஆட்டக்காரர்கள். நான் தப்பாகவும் இருக்கலாம். அப்படியானால் அது என் தப்பாக இருக்கட்டும். உங்கள் பயத்துக்காக நான் என் கணக்கை அழிக்க மாட்டேன்.

ஞாயிறு இரவுக்குள் லீக் தலைவர் கிரெய்க் சாருக்கு எழுதினால் ட்ரேடை ரத்து செய்யலாம் என்றீர்கள். எழுதுங்கள். ஆனால் அணியின் கணக்கிலிருந்து எழுத வேண்டும், அதற்குப் பாஸ்வேர்டு வேண்டும். 'என் அணியின் பாஸ்வேர்டு எனக்கே தெரியாது' என்று கிரெய்க் சாரிடம் கேட்கப்போகிறீர்களா? ஏன் தெரியாது என்று அவர் கேட்டால், தொலைநோக்கோடு திட்டமிட்டது ஆம்பூரில் ஒரு பிளஸ் ஒன் மாணவி என்று சொல்வீர்களா? சொன்னால் எனக்குச் சந்தோஷம்தான். ஆகவே நீங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், நான் கிரெய்க் சாரிடம் சொல்கிறேன். இதுவே என் முடிவு. இதில் மாற்றமில்லை.

அத்தைக்கு என் அன்பு. கார்மடி ஆண், மீசை உண்டு, கம்ப்யூட்டருக்கு வெளியே எங்கும் இல்லை என்று தயவுசெய்து இன்றே சொல்லிவிடுங்கள். பெரியவர்களைக் குறை சொன்ன இடங்களில் மன்னியுங்கள், மற்ற இடங்களில் வேண்டாம். கர்த்தர் உங்களுக்கு நல்ல ஹெட்ஃபோனைத் தருவாராக.

கீழ்ப்படிதலுள்ள (மற்ற எல்லா விஷயத்திலும்),
ஜாஸ்மின்

பி.கு.: மாமா, கையெழுத்துப் போட்ட பிறகுதான் டிராஃப்ட் நேரத்தைப் பார்த்தேன். அவர்களுக்கு ஞாயிறு இரவு எட்டு மணி, நமக்குத் திங்கள் காலை ஒன்பதரை. அந்த நேரத்தில் நான் அரையாண்டுக் கெமிஸ்ட்ரி பரீட்சை எழுதிக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு அணிக்கும் இரண்டு நிமிடம்தான். யாரும் அழுத்தாவிட்டால் கம்ப்யூட்டர் டேலனை எடுத்துவிடும். ஆகவே ஞாயிறு நீங்கள் இங்கே வர வேண்டாம், தூங்கி எழுந்து திங்கள் காலை லேப்டாப் முன்னால் உட்காருங்கள். காலையில் இந்தக் கடிதத்தை ஹீனாவின் அக்கா ஆஃப்ரீன் காலேஜுக்குப் போகும்போது உங்கள் வீட்டில் கொடுப்பார். பாஸ்வேர்டு, ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல்: மாமாவுக்குஒன்றும்தெரியாது. நான் அதை மிகவும் கோபமாக இருந்த ஒரு நாளில் வைத்தேன், இப்போது மாற்ற நேரமில்லை. அதைக் கொண்டு நீங்கள் ட்ரேடையும் ரத்து செய்யலாம், அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் தருகிறேன். வெக்கா பட்டியலில் பதினேழாவது பெயர். கீழே இறங்கிப் பாருங்கள், பெயரைத் தொடுங்கள், ஒரு தடவைதான் கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள். பதினைந்து பேரும் சிரிப்பார்கள். பயப்படாதீர்கள், மாமா.