மசோதா அண்ணனின் அமெரிக்கப் பேச்சு

யாங்கூனில் உட்கார்ந்தபடியே அமெரிக்காவை நிர்வாகம் செய்த ஒரே மனிதர் எங்கள் மசோதா அண்ணன்தான். பக்கத்து ஊரான பெகுவைத் தாண்டி எங்கும் போகாதவர். ஆனால் மகள் குடியிருக்கும் அமெரிக்க மாநிலத்தை, அதன் பெயர் வாயில் நுழையாததால், ‘நம்ம மாநிலம்’ என்றே சொல்வார்.

சாயங்காலம் போட்டாதாங் படகுத்துறை எதிரே பருப்பு வடை போடுவார். காலை முழுவதும் பக்கத்து டீக்கடைதான் அவருக்குச் சட்டசபை.

விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு பாயும், அடுத்த குண்டு தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட துப்பாக்கிகளில் சில வகைகளை விற்கக் கூடாது என்று நம்ம மாநிலத்தில் ஒரு மசோதா வந்தது. மகள் போனில் சொன்ன நாளிலிருந்து அண்ணனுக்கு வேறு பேச்சே இல்லை; பெயரும் மசோதா அண்ணன் என்றே ஆயிற்று.

“துப்பாக்கி விக்கிறதை...” என்று அவர் ஆரம்பித்ததும் கடைக்காரர் கோ ஜோ, ஊருக்கு அந்தப் பர்மியப் பெயர், வீட்டில் முருகேசன், பாய்லரை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

“அண்ணே, கால்ல விழுறேன். பட்டாளம் ஆளுற இந்த ஊர்ல இப்ப அந்த வார்த்தையை உரக்கச் சொல்லாதீங்க. எவன் காதுல எப்படி விழும்னு தெரியாது.”

“பின்ன என்னான்னு சொல்றதாம்?”

“குடைன்னு சொல்லுங்க!”

அன்று முதல் அது ‘தானா விரியுற குடை’ ஆயிற்று. மழைக்காலம் நெருங்கியபோது கிடங்குக்காரர் ஒருவர் அரை டஜன் வேண்டுமென்று விலை கேட்டார். “விக்கவே கூடாதுன்னு தொண்டை கிழியக் கத்துறேன், உனக்கு அரை டஜனா?” என்று அண்ணன் அவரைத் தெருமுனைவரை துரத்தினார்.

ஒருநாள் நானே கேட்டேன். “எங்கேயோ எவனோ எதையோ வித்தா உங்களுக்கென்னண்ணே?”

கரண்டி பிடித்துக் காய்த்துப்போன கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “வீடியோவுல பேத்தி சிரிச்சுக்கிட்டே சொல்லுது. ஸ்கூல்ல கதவைப் பூட்டிட்டு மேசைக்கு அடியில ஒளிஞ்சு விளையாடினாங்களாம். சத்தம் போடாம இருந்ததுக்கு டீச்சர் ஸ்டிக்கர் குடுத்தாங்களாம். அது விளையாட்டில்ல தம்பி. எவனாவது குடையோட உள்ள வந்தா எப்படி ஒளியணும்னு பழக்குறாங்க.”



மசோதாவைப் பற்றிப் பொதுமக்கள் ஆன்லைனில் இரண்டு நிமிடம் பேசலாம் என்று சட்டசபைக் குழு அறிவித்தது. மகள் அப்பாவின் பெயரைக் கொடுத்துவிட்டாள். அவளும் தன் வீட்டிலிருந்து அதே இணைப்பில் வந்து மொழிபெயர்ப்பதாக ஏற்பாடு. அங்கே மாலை, எங்களுக்குக் காலை. அண்ணன் மேலே கோட்டும் கீழே லுங்கியுமாக டீக்கடையில் போன் முன்னால் வந்து உட்கார்ந்தார். கோ ஜோ ஈ ஓட்டக்கூட அனுமதிக்காமல் கடையை அமைதியாக வைத்திருந்தார்.

முறை வந்தது. அண்ணன் பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டார். “வணக்கம். நான் தாத்தா பேசுறேன்...”

கரண்ட் போயிற்று. வைஃபையும் போயிற்று. திரையில் மகளின் முகம் அப்படியே உறைந்து நின்றது.

அண்ணன் பேசிக்கொண்டே இருந்தார். “புள்ளைங்க ஓடி விளையாடணும்யா, ஒளியக் கூடாது. அந்தக் குடையை விக்காதீங்கய்யா...” பழக்கதோஷத்தில் அங்கேயும் குடைதான். யாரும் சிரிக்கவில்லை. யாரும் அவரை நிறுத்தவுமில்லை. முடித்துவிட்டுக் கண் திறந்தபோது கடையே கை தட்டியது.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். தாத்தா என்றதோடு இணைப்பு அறுந்துவிட்டதாம். ஆனால் தினமும் போனில் கேட்டுக் கேட்டு அப்பா என்ன சொல்வார் என்று அவளுக்கு மனப்பாடம். மீதியைக் குழுவிடம் இங்கிலீஷில் அவளே சொல்லிவிட்டாளாம்.

அண்ணன் எங்கள்மேல் பாய்ந்தார். “லைன் போச்சுன்னு ஒருத்தனுக்காவது சொல்லத் தோணுச்சா?”

“எங்களுக்குக் கேட்டுச்சேண்ணே,” என்றார் கோ ஜோ.

மசோதா இன்னும் குழுவில்தான் கிடக்கிறது. நம்ம மாநிலத்தில் எனக்கு ஓட்டுக் கிடையாது. இருந்திருந்தால் மசோதாவுக்குப் போடுவது அப்புறம். முதலில் அண்ணனுக்குத்தான் போட்டிருப்பேன்.