தேங்காய் உடைக்கக் கூடாத புருசன்

கல்யாணமான நாளிலிருந்து வீட்டு அதிகாரம் லோகப்பிரியா கையில்தான். ஆனைமலைக்குப் பக்கத்தில் கொப்பரைக் களம் வைத்திருக்கும் அவள் புருசன் தனபால், அவள் மாசமானதும் ஆட்சியைக் கைப்பற்றிவிடுவது என்று முடிவு கட்டினான். சட்டங்களை எல்லாம் அவன் பெரியம்மா தெய்வாத்தாள் போனிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

"பப்பாளி தொடக் கூடாது அம்மணி. ராத்திரிக்குக் குங்குமப்பூப் பால் குடிக்கோணும், கொழந்தை செவப்பாப் பொறக்கும். சோறு ரெண்டு ஆளுக்குச் சேத்துத் திங்கோணும்," என்று தனபால் அவளிடம் ஒப்பித்தான்.

"சரிங்க."

வீட்டுக்குப் பின்னால் பப்பாளி பழுத்துத் தொங்கியது. லோகப்பிரியா ஜன்னலில் நின்று எச்சில் விழுங்குவாள். தனபாலுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் வாயிலிருந்து முதல் முறையாக வந்த 'சரிங்க' அவனுக்குப் பழத்தைவிட இனித்தது. அவள் தட்டில் சோற்றை மலையாகக் குவித்தான். வேண்டியதைத் தின்றுவிட்டு மீதியை அவன் பக்கம் தள்ளினாள்.

"வீணாப் போகுதுங்க."

வீண் என்ற பேச்சே வியாபாரிக்கு ஆகாது. தனபால் தின்றான். பாலையும் அவனே குடித்தான்.

கொப்பரை விலை ஏறியது. உரித்த காய் களத்தில் குவிந்து கிடக்க, உடைத்துக் காயப்போடக் காலையில் அரிவாளை எடுத்தான். பின்னால் லோகப்பிரியா வந்து நின்றாள்.

"ஏனுங்க, அதைக் கீழ வைங்க. மாசமா இருக்கறவ புருசன் தேங்காய் ஒடைக்கக் கூடாதுங்க."

"ஆரு சொன்னது?"

"உங்க பெரியம்மாதானுங்க. பப்பாளி வேண்டாம்னு சொன்ன அதே வாய்தான்."

"சரி, ஆளை வெச்சு ஒடைச்சுக்கறேன்."

"நம்ம களத்துல ஆரு ஒடைச்சாலும் ஆகாதுங்களாம். போன் போட்டுத் தரட்டுங்களா?"

தனபால் குவியலைப் பார்த்தான்.

"கொழந்தை பொறக்கறதுக்குள்ள காயெல்லாம் கெட்டுப்போயிருமே! தேங்காய்க்கும் வயித்துக்கும் என்ன அம்மணி சம்பந்தம்? டாக்டரம்மாவைக் கேட்டுப்போடலாம் வா."

"அவங்க சொன்னா எல்லாத்துக்கும் ஒத்துக்குவீங்களா?"

"எல்லாத்துக்கும்."

பொள்ளாச்சியில் டாக்டரம்மா நஸ்ரியா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "தேங்காய் தாராளமா உடைங்க. பப்பாளி காயா இருந்தாத்தான் வேண்டாம், நல்லாப் பழுத்தது கொஞ்சம் சாப்பிடலாம். குங்குமப்பூவால நிறமெல்லாம் மாறாதுங்க."

"அது தெரியுமுங்க டாக்டர்," என்று லோகப்பிரியா புருசனின் கறுத்த கையைத் தூக்கிக் காட்டினாள். "இத்தனை நாளாக் குடிச்சது இவருதான்."

பிறகு டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கவைத்தார். தனபால் களம், காய், ஆட்சி எல்லாம் மறந்துபோய், லோகப்பிரியாவின் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் எடையும் சரியாக இருந்தது.

"பாத்தியா அம்மணி? ரெண்டு ஆளுக்குச் சேத்துத் திங்கச் சொன்னேன்ல, அதுதான்," என்றான் பெருமையாக.

டாக்டரம்மா அவன் வயிற்றின் மேல் திணறிக்கொண்டிருந்த சட்டைப் பட்டனைப் பார்த்தார்.

"அதை இன்னையோட நிறுத்திக்கணுங்க."

"நல்லாச் சொல்லுங்க டாக்டர், இவ காதுல விழற மாதிரி."

"உங்களைத்தானுங்க சொல்றேன்."